வைஃபை இருக்கட்டும், கவுன்டரையும் மூடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார், கல்லூரிக்குள் வைஃபை வந்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள், வேலூர் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று. பிடுங்குவது சுலபம், நாலு ஸ்குரூ கழற்றினால் பெட்டி கையோடு வந்துவிடும். ஆனால் அவர் கோபப்பட வேண்டிய இடம் அது இல்லை என்பது என் அபிப்பிராயம். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடம் இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் விடாமல் போடுங்கள்.

நான் வேலூரில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 1988-ல் நூலக உதவியாளராகச் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றவன். சேரும்போது இது வட ஆற்காடு மாவட்டம். மறு வருடமே திருவண்ணாமலையைத் தனியாகப் பிரித்தார்கள், 2019-ல் மறுபடியும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். எனக்கு வாயில் இன்னும் வட ஆற்காடு என்றுதான் வருகிறது. மாவட்டம் பிரித்த கதைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் எர்நெட் வந்துவிட்டிருந்தது. மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் துறை 1986-ல் தொடங்கிய வலை அது. ஐந்து ஐ.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. என்று விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களை மட்டும் இணைத்தார்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் என்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். ஆக, அடையாறு பக்கம் பேராசிரியர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் நாங்கள் வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நூற்று முப்பது கிலோமீட்டர் தூரம்தான்.

அந்தத் தூரம் என்ன செய்தது என்பதற்கு ஒரு சம்பவம். எங்கள் வேதியியல் துறையில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்த ஒருவருக்கு ஒரே ஒரு கட்டுரை தேவைப்பட்டது, எட்டுப் பக்கமோ ஒன்பது பக்கமோ. விடியற்காலை காட்பாடியில் ரயில் ஏறி சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனார். அந்த வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுப்பதற்காக மாற்றி வைத்திருந்த சில்லறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொட்டிக் காட்டினார். சிரிக்கத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. கட்டுரைக்கு மட்டும் இல்லை, மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் ஓர் எழுத்து தப்பாக விழுந்தாலும் அப்போது சேப்பாக்கம்தான் போக வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. புதுப் பல்கலைக்கழகம் முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இருந்தது, பிறகு சேர்க்காட்டுக்குப் போனது. எப்படியோ, ரயில் செலவு மிச்சம்.

2009-ல் மத்திய அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய இணைப்பு, கல்லூரிகளுக்கு 512 கேபிபிஎஸ் வேகத்தில் 20 இணைப்பு வரை. இன்றைக்கு அந்த வேகத்தைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கும். அடுத்த வருடமே, 2010-ல், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்லிப்நெட் மூலமாக என்-லிஸ்ட் என்ற திட்டம் வந்தது. சின்னக் கல்லூரிகள் கொஞ்சம் பணம் கட்டினால் 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களைத் திறந்து படிக்கலாம். அதற்கு ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியிலிருந்தே பெயர் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. அணைக்கட்டு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அவர்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள், தன் கணக்கில் முதல் கட்டுரையைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “சார், இதுக்கு எவ்ளோ சார்?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லைம்மா, படி என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் படித்தாள். எட்டுப் பக்கத்துக்காகச் சென்னைக்குப் போய்த் திரும்பியவரை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். வைஃபையைப் பிடுங்கச் சொல்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: இந்தப் பெண் படித்ததையும் சேர்த்துத்தான் நீங்கள் பிடுங்கப் போகிறீர்கள். இப்போது 2025 ஜனவரியிலிருந்து அரசு கல்வி நிறுவனங்களுக்கு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் “நாளை காலை இன்டர்னல்” என்று ஒரு வரி விழும். முன்பெல்லாம் நோட்டீஸ் போர்டில் பின் குத்தி, கீழே முதல்வர் கையெழுத்துப் போட்டு, மூன்று நாள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது பார்க்கவில்லை என்றால் அது பிள்ளையின் தப்பு. கல்லூரி மணி நாலரைக்கு அடித்தாலும் கல்லூரி முடிவதில்லை, பையன் சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அது துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் இதே கதிதான், அவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஆனால் என் கோபம் வேறு இடத்தில். வலை வந்ததும் கல்லூரி ஆபீஸ் செய்துகொண்டிருந்த வேலையை மெல்ல எடுத்து வெளியே, மாணவன் தலையிலும் அவன் வீட்டார் தலையிலும் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டு, கேள்வி கேட்க இருந்த ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். இது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் தங்கை பேரணாம்பட்டில் இருக்கிறாள், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறாள், காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். அவள் மகள் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கல்லூரி பெயர் வேண்டாம். செமஸ்டர் கட்டணம் ஆன்லைனில்தான் கட்ட வேண்டும், கவுன்டரில் வாங்க மாட்டார்கள். கணக்கு, கார்டு எல்லாம் தங்கை பெயரில். ஓடிபி வருவது தங்கை போனுக்கு. அவளோ ஷிஃப்டில் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். ஓடிபி அதுவரை உயிரோடு இருக்குமா? அதனால் பெண் பிரவுசிங் சென்டரில் பன்னிரண்டரை வரை காத்திருப்பாள், அம்மா போனை வாங்கியதும் இவள் பட்டனைத் தட்டுவாள், அம்மா எண்ணைப் படித்துச் சொல்வாள், இவள் கடைக்காரரிடம் சொல்வாள், அவர் அடிப்பார். அந்தக் குறுஞ்செய்தியிலேயே ‘இதை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது பாருங்கள். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். அவரிடம் ஒரு நீளமான பைண்டிங் நோட்டு இருக்கிறது, அதில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் வரிசையாக நீல மையில், மாற்றியவர்களுக்குச் சிவப்பு மையில். கல்லூரி அதிகாரபூர்வமாகக் காப்பாற்றும் ரகசியங்கள் எல்லாம் ஐம்பது ரூபாய்க்கு ஃபாரம் நிரப்பித் தருகிற ஒரு கடையின் டிராயரில் இருக்கின்றன. எனக்கு முதலில் பதறியது. அப்புறம் யோசித்தேன், அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஹால் டிக்கெட்டே எடுக்க முடியாது.

கடைசி நாள். எல்லோரும் கடைசி நாளில்தான் கட்டுவார்கள், சம்பளம் அன்றைக்குத்தான் வரும். பணம் போய்விட்டது. ரசீது வரவில்லை. “மாமா, பேங்க்ல கட் ஆயிடுச்சு, இங்க பெண்டிங்னு காட்டுது” என்று போன் பண்ணினாள். 1969 அக்டோபர் 29-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆராய்ச்சிக் கூடத்துக்கு முதன்முதலாக ஒரு செய்தி அனுப்பினார்களாம், ‘லாகின்’ என்று அடிக்கப் போய் எல், ஓ இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். இந்தக் கல்லூரித் தளம் கட்டணக் கடைசி நாள்களில் அந்தப் பாரம்பரியத்தை இன்னும் விடாமல் காத்து வருகிறது.

நடந்தது என்ன என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பணம் நேராகக் கல்லூரிக்குப் போவதில்லை. வங்கியின் சர்வர், நடுவில் பணம் வாங்கித் தரும் ஒரு கம்பெனியின் சர்வர், கல்லூரியின் சர்வர், இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ‘வந்தது, வந்தது’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கடைசி ‘வந்தது’ வருவதற்குள் கூட்டம் தாங்காமல் கல்லூரி சர்வர் திணறினால் பணம் நடுத்தெருவில் நிற்கும். கல்லூரிக்குப் போனாள், “சிஸ்டத்துல வரலம்மா, பேங்க்ல கேளு” என்றார்கள். வங்கியில், “எங்க பக்கம் சக்சஸ், காலேஜ்ல கேளுங்க” என்றார்கள். கல்லூரித் தளத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினோம், உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு நீளமான எண் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. அபராதம் ஏறும் என்ற பயத்தில் தங்கை மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டாவது தடவை கட்டினாள். முதல் பணம் 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது. இந்த மாதிரி வியாபாரி பக்கம் உறுதியாகாமல் போன கார்டுப் பணம் ஐந்து நாளுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. படிக்கிற வாசகர்கள் யாருக்காவது உதவட்டும்.

எங்கள் கல்லூரியில் முன்பு ஃபீஸ் கவுன்டரில் ஒரு கிளார்க் இருந்தார். வெடுக்கென்று பேசுவார். சலானில் அடித்தல் திருத்தல் இருந்தால் திட்டுவார், சில்லறை இல்லை என்றால் அதற்கும் ஒரு திட்டு. ஆனால் இருப்பார். “சார், பணம் கட்டிட்டேன், சலான் தொலைஞ்சிடுச்சு” என்று ஒரு பையன் போய் நின்றால் பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, அவன் பெயரைக் கண்டுபிடித்து, ஒரு துண்டுச் சீட்டில் ‘கட்டியாச்சு’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தச் சீட்டு போதும், பரீட்சை எழுதலாம். அவர் வேலையைச் சர்வர் செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை, வரிசையில் நின்று வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சர்வர் தப்புப் பண்ணும்போது அந்தத் துண்டுச் சீட்டை எழுதித் தர ஓர் ஆள் வேண்டாமா?

மாவட்டக் கதைக்கு வருகிறேன். வாலாஜாபேட்டைப் பையன் ஒருவன், பள்ளியில் படிக்கும்போது வாங்கிய சாதிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது, ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். உதவித்தொகை விண்ணப்பத்தில் மாவட்டம் வேலூர் என்று தேர்ந்தெடுத்தால் கீழே தாலுகா பட்டியலில் வாலாஜா வராது, ராணிப்பேட்டை என்று தேர்ந்தெடுத்தால் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். மனுஷனிடம் போனால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வான், “ஆமாம்ப்பா, பிரிச்சுட்டாங்க இல்ல” என்பான். தளத்துக்கு அது புரியாது. பையன் மூன்று வாரம் அலைந்தான்.

இதெல்லாம் சொன்னதற்காக நெட்வொர்க் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்துச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். வி.ஐ.டி.யில் மாணவர்களே பாடம், ஆசிரியர், நேரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கிறார்கள், நல்ல நேரம் பிடிப்பதற்குப் பதிவு நாளில் ஒரு யுத்தமே நடக்கும் என்று கேள்வி. அது பெரிய இடம், வசதி இருக்கிறது. நான் சொல்வது வசதி இல்லாத இடம். எங்கள் நூலகத்தில் இணைப்பு அடிக்கடி செத்துப்போகும் காலத்தில், கம்ப்யூட்டர் லேபில் இருந்த ஒரு தம்பி ஒரு யோசனை சொன்னான். “சார், இன்டர்நெட் வேற, நெட்வொர்க் வேற. வெளிய லைன் இல்லன்னாலும் நம்ம பில்டிங்குக்குள்ள ஒயர் இருக்கு இல்ல?” ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாட வீடியோக்களை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, லேபின் எல்லாக் கணினிக்கும் அதிலிருந்தே ஓடும்படி செய்தான். வெளியே கேபிளைப் பன்றி கடித்தாலும் பள்ளம் தோண்டுகிறவன் வெட்டினாலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் ஓடியது. அவனே இன்னொன்றும் சொன்னான், ஒரு வைஃபை பெட்டி பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும், மற்றவை முறை பார்த்துக் காத்திருக்கும், அறுபது பேர் உட்காரும் வகுப்பில் ஒரே பெட்டியை மாட்டிவிட்டு ஸ்பீடு இல்லை ஸ்பீடு இல்லை என்று புலம்பிப் பயன் இல்லை என்று. வெளியே எவ்வளவு பெரிய லைன் வாங்கினாலும் கடைசிப் பத்தடி அப்படித்தான்.

2020-ல் எல்லாம் மூடிக் கிடந்தபோதும் இதே பாடம்தான். ஒடுகத்தூர் மலைமேல் இருந்து வந்து படித்த ஒரு பையன், அவன் ஊரில் டவர் எடுக்காது, ஒரு பாறை மேல் ஏறினால் ஒரு கோடு வரும். லைவ் வகுப்பு என்றால் படம் உறைந்து, குரல் விக்கி விக்கி, அவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் மட்டும் லைவ் எடுக்காமல் பத்து நிமிடக் குரல் பதிவாகப் பேசி வாட்ஸ்அப்பில் போட்டார். அது மெதுவாக இறங்கினாலும் முழுசாக இறங்கிவிடும், பையன் சாயந்திரம் பாறைக்குப் போய் இறக்கிக்கொண்டு வீட்டில் ராத்திரி கேட்பான். நானும் நூலகப் புத்தகங்களின் பக்கங்களை போட்டோ பிடித்து அப்படித்தான் அனுப்பினேன். பாறை மேல் நிற்கிற பையனை மனதில் வைத்து யோசித்த ஒரே ஆசிரியர் அவர்தான். இதற்குப் பொருத்தமான கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர்கள் வேறு துறையில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆக, கல்லூரி நிர்வாகங்களுக்கு நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. கட்டணம், விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் ஆன்லைனில் இருக்கட்டும். கூடவே ஒரே ஒரு கவுன்டர், அதில் சிஸ்டத்தைத் திறந்து பார்க்கவும் ‘கட்டியாச்சு’ என்று எழுதித் தரவும் அதிகாரம் உள்ள ஒருவர், கட்டணக் கடைசி வாரத்தில் மட்டுமாவது சாயந்திரம் ஆறு மணி வரை. ஓடிபி பிள்ளையின் சொந்தப் போனுக்கும் வருகிற மாதிரி ஒரு வழி, இல்லை என்றால் பணமாக வாங்கிக்கொள்ள ஒரு வழி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் குரூப்பில் போட்ட அறிவிப்பு செல்லாது என்று ஒரு சுற்றறிக்கை. அப்புறம், நூலகத்தை எட்டு மணி வரை திறந்து வையுங்கள். இதைத்தான் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன்.

போன மாதம் பென்ஷன் விஷயமாக என் பழைய கல்லூரிக்குப் போனேன், வேலை முடிய ஆறரை ஆகிவிட்டது. நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், ஆனால் உள்ளே இருக்கிற வைஃபை பெட்டியை யாரும் அணைப்பதில்லை. வாசல் படியில் ஏழெட்டுப் பிள்ளைகள், பூவரச மரத்துக்கு அடியில், சுவரை ஒட்டி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து மூன்றாவது படிக்குக் கீழே சிக்னல் வராதாம், அதனால் மேல் மூன்று படிக்குத்தான் போட்டி. ஒருத்தி மடியில் நோட்டை வைத்து போன் வெளிச்சத்தில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள், கொசுவைத் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே. செக்யூரிட்டி அண்ணன் அவர்களை விரட்டுவதில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுப்பி விடுகிறார். அந்த இடத்தில் ஒரு ட்யூப் லைட் போடச் சொல்லி அவர் நேரில் கேட்டிருக்கிறார், ஆன்லைனில் எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். அவர் மகனை விட்டு எழுத வைத்திருக்கிறார். ஒரு நீளமான எண் வந்திருக்கிறது, என்னிடம் எடுத்துக் காட்டினார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலக உதவியாளர்,
காட்பாடி.